ஃபோர் வீல் டிரைவ் இருந்தும் சேற்றில் சிக்குவது ஏன்?

நாலு சக்கரத்துக்கும் சக்தி போகிற வண்டியும் சேற்றில் மாட்டிக்கொள்ளும். காரணம் பெரும்பாலும் டிஃபரன்ஷியல். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும். அதற்கு வழிவிடுவதுதான் இதன் வேலை. தார் ரோட்டில் ரொம்ப நல்லது. ஆனால் ஒரு சக்கரம் பிடிமானம் இழந்தால் அது மட்டும் சும்மா சுத்தும், தரையைப் பிடித்திருக்கும் மறுசக்கரம் நின்றுவிடும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இப்படிச் சுத்தினால் போதும், கதை முடிஞ்சது.

டிஃபரன்ஷியல் லாக் ஒரே அச்சின் இரு சக்கரங்களையும் சேர்த்துச் சுழல வைக்கும். வயலில் இறங்கும் டிராக்டர்களில் காலால் மிதிக்கிற லாக் பல காலமாகவே உண்டு! ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரண்டு அச்சிலும் இருக்கு. மாருதி ஜிம்னியில் கிடையாது; சுத்துகிற சக்கரத்துக்கு வண்டியே பிரேக் போட்டு, சக்தியை மறுபக்கம் திருப்பும். லேசான சேற்றுக்கு இது போதும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. லட்சக்கணக்கில் பணம் வாங்கும் நிறுவனங்கள், இருப்பது லாக்கா, பிரேக் உதவியா என்பதை விளம்பரத்தில் பெரிய எழுத்திலேயே போடணும்.

லாக் இருக்கிறவர்கள் அதைப் போட்டபடியே தார் ரோட்டில் ஓட்டாதீங்க. டயர் தேயும், வண்டி திரும்ப அடம்பிடிக்கும், ஆக்சிலே உடையலாம். சேற்றில் இறங்கும் முன் போடுங்க, கெட்டித் தரை வந்ததும் எடுத்துடுங்க.