இடைகழியில் இருப்போர்

நாமக்கல் நரசிம்மர் குடைவரையில் இரணிய வதைச் சிற்பத்தை வாசகர்களில் பலர் கண்டிருப்பர். பகலும் இரவும் அல்லாத அந்தியில், உள்ளும் புறமும் அல்லாத வாசற்படியில் அது நிகழ்ந்ததாகப் புராணம் கூறும். இவ்வாறு இரண்டிலும் சேராத இடத்தையே ஆங்கிலத்தில் ‘லிமினல் ஸ்பேஸ்’ என்கின்றனர். இலத்தீனில் ‘லிமென்’ என்றால் வாசற்படி. சடங்குகளை ஆராய்ந்த ஆர்னால்டு வான் கென்னெப், பழைய நிலையிலிருந்து பிரிதல், இடையில் நிற்றல், புதிய நிலையில் சேர்தல் என மூன்று கட்டங்களை 1909இல் வகுத்து, நடுக்கட்டத்துக்கு இச்சொல்லை ஆண்டார். இன்று இளைஞர்கள் ஆளரவமற்ற தாழ்வாரங்களின் படங்களுக்கு இப்பெயரிடுகின்றனர். மருத்துவமனைத் தாழ்வாரம் ஆளற்றிருந்து நாம் கண்டதில்லை.

தமிழில் ‘இடைகழி’ என்பதே இதற்குப் பொருந்தும் என்று கருதுகிறோம். தெருவாயிலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவேயுள்ள வழி அது. ரேழி என்றும் சொல்வர். திருக்கோவலூரில் ஒரு மழையிரவில் முதலாழ்வார் மூவரும் சந்தித்தது இடைகழியில்தான். ஒருவர் படுக்கப் போதுமான இடத்தில் இரண்டாமவர் வந்ததும் இருவரும் அமர்ந்தனர். மூன்றாமவர் வந்ததும் மூவரும் எழுந்து நின்றனர்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில், ராசிபுரத்திலிருந்தோ ஆத்தூரிலிருந்தோ வந்து காத்திருப்பவரை எண்ணிப் பாருங்கள். உள்ளே செல்ல இயலாது. ஊர் திரும்ப மனம் வராது. கதவு திறக்கும்தோறும் எழுந்து நிற்கிறார். கழிப்பறை சென்ற நேரத்தில் அழைத்துவிடுவார்களோ என்றஞ்சித் தண்ணீர் குடிப்பதையும் குறைக்கிறார். தம் நீரிழிவு மாத்திரையை மறக்கிறார். நோயாளி அல்லர் என்பதால் எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை.

காத்திருப்பைக் குறைப்பது எப்போதும் மருத்துவர் கையில் இல்லை. ஆயினும் செய்தி சொல்லும் வேளையை உறுதிசெய்யலாம். புதிதாக ஒன்றும் இல்லாவிடினும், ‘மாற்றம் இல்லை’ என்று அவ்வேளையில் வந்து சொல்லவேண்டும். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்னும் வெற்றுச்சொல்லினும் அது மேலானது. உறவினரும் முறைவைத்துக் காத்திருப்பதும், செவிலியரிடம் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுச் சென்று உண்டு வருவதும் பொறுப்பின்மை ஆகா.

வீடு திரும்பிய பின்னரும் இடைகழி நீளும். நோயாளி என்றும் நலமடைந்தவர் என்றும் சொல்ல முடியாத வாரங்கள் அவை. ‘இன்னும் வேலைக்குப் போகவில்லையா?’ என்று காண வருவோர் கேட்கும் காலமும் அதுவே. ஆகவே வீட்டுக்கு அனுப்பும் சீட்டில், மருந்துகளின் பெயரோடு, எந்த வேலையை எப்போது தொடங்கலாம் என்பதையும் தமிழில் எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள்.