பூஞ்சணத்துக்குப் பயந்து தொட்டியைக் காய விடாதீர்கள்

கரீபியக் கடற்கரைகளில் பிடிபட்டு அமெரிக்கக் கடைகளுக்கு வரும் ஊதாக் கொடுக்குத் துறவி நண்டு, நெடுங்காலம் கம்பிக் கூண்டில்தான் விற்கப்பட்டது. அடியில் வண்ணக் கூழாங்கல், ஓரத்தில் ஒரு ஈரப் பஞ்சு, அவ்வளவுதான். அந்தக் கூண்டில் பூஞ்சணம் ஒரு பேச்சே இல்லை. நண்டும் நெடுநாள் நிலைத்ததில்லை. நிலத்தில் திரிந்தாலும் அது மூச்சு விடுவது செவுளால். காற்று வறண்டால் செவுள் காயும். நண்டு மெல்ல மெல்ல மூச்சுத் திணறிச் சாகும்.

விவரம் தெரிந்தவர்கள் இன்று மூடியிட்ட கண்ணாடித் தொட்டிக்கு வந்துவிட்டார்கள். 24 முதல் 29 டிகிரி செல்சியஸ் வெப்பம், 80 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம், ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு தென்னை நார்த்தூள் கலந்த ஆழமான படுகை. பூஞ்சணத்துக்கும் இதைவிட வசதியான இடம் கிடைக்காது. அந்த நார்த்தூளை மட்க வைக்கத் தமிழ்நாட்டு உழவர்கள் சிப்பிக்காளான் வித்தைத்தானே கலக்குகிறார்கள்!

தொட்டியில் வைத்த கட்டையின்மேல் வெள்ளைப் படலம் கண்டு பதறி வருகிறவரிடம் நம்மில் பலர் சொல்லும் பதில்தான் என் கவலை: “மூடியைத் திறந்து வையுங்கள், படுகையை முழுக்க மாற்றுங்கள்.” பாலைவனப் பல்லி வளர்த்துப் பழகியவர்களின் யோசனை இது. முதல் பாதி செவுளைக் காய வைக்கும். இரண்டாம் பாதி அதைவிட மோசம். தோலுரிக்கும் நண்டு மணலுக்குள் குழி பறித்து வாரக்கணக்கில், பெரிய நண்டானால் மாதக்கணக்கில் கிடக்கும். கழற்றிய ஓட்டையே தின்று அதிலிருக்கும் சுண்ணாம்பை மீட்டுக்கொள்ளும் வரை அதன் உடல் மெத்தென்றிருக்கும். அந்தக் குழியைக் கலைப்பதால் வரும் கேட்டுக்கு முன்னால் கட்டைமேல் படரும் வெள்ளைப் பஞ்சு ஒன்றுமே இல்லை. நலமாக இருக்கும் நண்டு அந்தப் பஞ்சைச் சுரண்டித் தின்பதும் உண்டு.

எங்கே முளைத்தது என்று முதலில் பாருங்கள். புதுக் கள்ளிக்கட்டை, திராட்சைக்கொடிக் கட்டை என்றால் வெளியே எடுத்துக் கொதிநீரில் போட்டு உலர்த்தித் திரும்ப வைத்தால் போதும். பழத்துண்டு, இறால், ஊறிய தானியம் ஆகியவற்றில் என்றால் குறை நம் பழக்கத்தில்: மாலையில் வைத்ததைக் காலையில் எடுக்கவில்லை. நண்டு தீனியை மணலில் புதைத்து வைக்கும் என்பதால் கிண்ணத்தைச் சுற்றியும் விரலால் துழாவ வேண்டும். படுகையின் மேற்பரப்பில் திட்டாகத் தெரிந்தால் ஒரு கரண்டியால் அந்த இடத்தை மட்டும் வழித்தெடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

மிச்சத்தை ஸ்பிரிங்டெயில் பூச்சிகளிடம் விட்டுவிடலாம். நண்டுக்குப் பிடித்த அதே ஈரத்தில் பெருகி, பூஞ்சணத்தையே மேய்ந்து வாழும் இவற்றைத் தொட்டி அமைக்கும் நாளிலேயே விடுவது நல்லது. பூஞ்சணம் வந்தபின் தேடினால், அவை பெருகும் வரை காத்திருக்க வேண்டிவரும்.

மருந்து தெளிப்பதை நான் ஏற்கவில்லை. செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லிகளும் மீன்தொட்டி மருந்துகளும் ஓட்டுமீன் இனத்துக்கு நஞ்சு. நண்டின் ரத்தத்தில் உயிர்வளி சுமப்பது செம்பு கலந்த புரதம்தான் என்றாலும், மிகுந்தால் அதே செம்பு கொல்லும். பூஞ்சையின் சுவரிலும் நண்டின் ஓட்டிலும் கைட்டின் என்ற ஒரே பொருள் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

முழுத் தோண்டலுக்கு ஒரே ஒரு நிலை உண்டு. கண்ணாடியின் அடியோரம் கறுத்து, தண்ணீர் தேங்கி, அழுகிய முட்டை வாடை வந்தால் அது பூஞ்சணச் சிக்கலே அல்ல. காற்றில்லாத சேற்றில் பாக்டீரியா பெருகிவிட்டது. அப்போது காத்திருக்கக் கூடாது. கரண்டி வேண்டாம், ஓரத்திலிருந்து கையால் பிடி பிடியாக அள்ளுங்கள். தோலுரிக்கும் நண்டு தட்டுப்பட்டால், கழற்றிய ஓட்டோடு சேர்த்து எடுத்து, நல்ல ஈரமணல் நிரப்பிய தனிப் பெட்டியில், அதே வெப்பத்திலும் ஈரத்திலும், இருட்டில் வையுங்கள். புதுப் படுகை நிரப்பியபின் நீர்க்கிண்ணத்துக் காற்றுக்குழாயின் வேகத்தையும் குறையுங்கள். குமிழி கிளப்பும் ஆவி மூடியில் குளிர்ந்து, கண்ணாடி வழியே இறங்கி அடியில் சேரும். தேங்கிய தண்ணீர் பல தொட்டிகளில் அப்படி வந்ததுதான்.