சிண்டரெல்லா உடுத்திய ஜரிகை

இந்த வாரத் தபாலில் ஒரகடத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது, சகோதரிகளே. எழுதியவள் 24 வயதுப் பெண். அங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை, ஹாஸ்டல் வாசம். தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம். "நான்கு வருஷமாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. ரிஸப்ஷனுக்குத் தேவதைக் கதையில் வரும் ராஜகுமாரி மாதிரி வெள்ளைக் கவுன் போட்டுக்கொள்ள ஆசை. ஆனால் என் அப்பா அய்யம்பேட்டையில் பட்டு நெய்கிறவர். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. நான் ஆசைப்படுவது தவறா?" என்று கேட்கிறாள்.

தவறு என்று சொல்ல நான் யார்? அவள் சம்பாத்தியம், அவள் கல்யாணம். ஒரு காலத்தில் கூறைப் புடவையை மாமியார், அத்தை, பெரியம்மா, ஜவுளிக் கடைக்காரர் எல்லோருமாகச் சேர்ந்து பொறுக்குவார்கள். உடுத்தப் போகிறவள் மட்டும் அதை முகூர்த்தத்தன்று காலையில்தான் பார்ப்பாள். அந்தக் காலம் போனதற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன்.

ஆனால் அந்தத் தேவதைக் கதையையே கொஞ்சம் புரட்டிப் பார்ப்போமா? பூசணிக்காய் ரதமாக மாறுகிறதே, அந்தச் சிண்டரெல்லா கதையை 1697-ல் பிரெஞ்சு மொழியில் எழுதி வெளியிட்டவர் சார்ல்ஸ் பெரோ. தேவதை கோலால் தொட்டதும் அவளுடைய கந்தல் என்னவாக மாறிற்று தெரியுமா? வெள்ளைக் கவுனாக அல்ல. பொன்னும் வெள்ளியும் இழைத்து, ரத்தினக் கற்கள் பதித்த துணியாக! நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் ஜரிகைத் துணி. 1950-ல் வால்ட் டிஸ்னி படம் எடுத்தபோதுதான் அது குடை போல் விரிந்த, வெளிறிய பளபளப்புப் பாவாடையாயிற்று. நம் பெண்களின் கண்ணில் நிற்பது அந்தப் படத்துப் பாவாடைதான். கதையில் வரும் உடை, ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியாக பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் எட்டிவிடும் தூரத்தில் தறியில் கிடக்கிறது.

சரி, வெள்ளைக் கல்யாண உடை எங்கிருந்து பிரபலமாயிற்று? 1840 பிப்ரவரி 10-ந் தேதி விக்டோரியா ராணி கல்யாணத்துக்கு வெள்ளை ஸாட்டின் உடுத்தினாள். பிறகு உலகமே அதைப் பார்த்துக் காப்பி அடித்தது. ஆனால் அதில் பலர் மறந்துவிட்ட விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பட்டு இங்கிலாந்திலேயே நெய்தது. அதன்மேல் வைத்த லேஸ், டெவன் பகுதியில் பெண்கள் மாதக்கணக்கில் கையால் பின்னிய ஹானிட்டன் லேஸ். மெஷின் லேஸ் வந்து அந்தப் பெண்களின் பிழைப்பு நொடித்துக் கிடந்த சமயம் அது. அவர்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்றுதான் ராணி அதைத் தேர்ந்தெடுத்தாள். வெள்ளை நிறம் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. லேஸ் பின்னியவர்களைத்தான் யாருக்கும் தெரியாது.

நம் பக்கத்திலும் அதே கதைதான் நடக்கிறது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். காஞ்சீபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறார்கள். குறை சொல்லமுடியுமா? மாதம் பிறந்தால் கையில் சம்பளம். தறியிலே அப்படியா? கோர்வைப் புடவை நெய்ய ஒருவர் போதாது. கரைக்கென்று தனி நாடா ஓடவேண்டும், அதை வாங்கிக் கொடுக்கப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். பிள்ளை கம்பெனி பஸ் ஏறியதும், அப்பா கோர்வையை விட்டுவிட்டுச் சாதாரணக் கரை நெய்ய ஆரம்பிக்கிறார்.

கடிதம் எழுதிய பெண்ணின் தயக்கம் எனக்குப் புரிகிறது. பிரியதர்ஷன் எடுத்த 'காஞ்சீவரம்' படம் பார்த்திருப்பீர்கள். 2008-ல் வந்தது, தேசிய விருதும் பெற்றது. பிறந்த பெண்ணைப் பட்டு உடுத்தித்தான் புக்ககம் அனுப்புவேன் என்று வாக்குக் கொடுத்த ஒரு நெசவாளி, அதற்காகப் பட்டு நூலை வாயில் ஒளித்துத் திருடிக்கொண்டு வருகிறான். நெய்கிறவன் நூலுக்குச் சொந்தக்காரன் இல்லை. நூல் முதலாளியுடையது, அல்லது சங்கத்துடையது. கூலிதான் அவனுடையது. ஆக, நெசவாளி வீட்டுக் கல்யாணத்தில் பட்டுக்குப் பணம் கட்டப் போகிறவள் பெண்ணே என்றால், அது எத்தனை பெரிய சங்கதி!

போகட்டும், ஸ்ரீபெரும்புதூர் என்றதும் ராமாநுஜர் நினைவு வராமல் போகுமா? அவருக்குத் திருப்பாவை ஜீயர் என்றே ஒரு பெயர்; ஆண்டாளுக்கு அண்ணன் என்றும் கொண்டாடுவார்கள். அந்த ஆண்டாள் தோழியிடம் சொன்ன கல்யாணக் கனவைவிடத் தேவதைக் கதை ஒன்று உண்டா? ஆயிரம் யானை, பாளை, கமுகு, பந்தல், பொரி எல்லாம் வருகிறது. மணப்பெண்ணின் உடை என்று வருவதோ ஒரே ஒரு கோடிப் புடவை. அதை உடுத்திவிடுகிறவள் நாத்தனார் என்பது உரைகாரர்கள் வாக்கு. அந்தப் புடவைக்கு அவள் வைத்த 'மந்திரக்கோடி' என்ற பெயர் இன்றைக்கும் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவக் கல்யாணங்களில் வழங்குகிறது. கோவிலில் பிறந்த சொல் மாதா கோவிலில் வாழ்கிறது, பாருங்கள்!

இனி வாங்குகிற விஷயத்துக்கு வருவோம். ராஜகுமாரித் தோற்றந்தான் வேண்டும் என்றால், தந்த நிறம் அல்லது வெளிர் சந்தன நிறப் பட்டில் வெள்ளி ஜரிகைக் கரை வைத்ததைக் கேளுங்கள். ஊடெல்லாம் ஜரிகை ஓடும் டிஷ்யூ புடவையும் உண்டு. விளக்கு வெளிச்சத்தில் சிண்டரெல்லாவே தோற்றுப்போவாள். தூய வெள்ளை என்றால் பாட்டிமார் முகம் சுளிப்பார்கள். அது எதற்கு உரிய நிறம் என்ற பழைய நினைப்பு அவர்களுக்கு. கிறிஸ்தவ வீடுகளில் அந்தத் தொல்லை இல்லை. வெள்ளைப் பட்டில் மணமேடை ஏறும் தமிழ்ப் பெண்களின் அழகைப் பார்த்திருக்கிறேன்.

கடையில் புடவையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். கோர்வையானால் உடல் நிறம் கரைக்குள் நுழையாது. இரண்டும் சேரும் இடத்தில் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும். முந்தானை வேறு நிறமானால், சேர்க்கும் இடத்தில் தடித்த கோடு போல் 'பேட்னி' தெரியும். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஜரிகை இழை ஒன்றை நகத்தால் சுரண்டுங்கள். அசல் பொன் ஜரிகையானால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். வெள்ளையாகவோ செம்பாகவோ தெரிந்தால் சந்தேகப்படுங்கள். காஞ்சீபுரம் பட்டுக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பட்டுத்தான் என்பதற்கு 'சில்க் மார்க்' சீட்டும் உண்டு. இரண்டையும் கேட்டு வாங்க வெட்கப்படாதீர்கள். நாலு ரூபாய்க் கத்தரிக்காயைப் புழுவா என்று புரட்டிப் பார்க்கிறவர்கள்தானே நாம்!

புடவை ஜரிகையால் மின்னினால் நகையைக் குறையுங்கள். நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஒரு அட்டிகை போதும். வங்கி, ஒட்டியாணம், காசு மாலை அத்தனையும் ஏற்றினால் பெண் எங்கே என்று தேடவேண்டியதுதான். முகத்துக்கும் அப்படியே. சொந்த நிறத்துக்கு மேல் நாலு பூச்சு ஏற்றிவிட்டுக் கழுத்தை மறந்துவிடுகிற அலங்காரக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருநாள் முன்னதாகவே பூசச் சொல்லிப் பகலில் பார்த்துவிடுங்கள். இரவு ஷிப்டு வேலைக்காரிகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முந்தியாவது இரவு தூங்கும்படி லீவு கேளுங்கள். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பை எந்தப் பூச்சும் முழுக்க மறைக்காது.

அப்புறமும் கவுன்தான் வேண்டும் என்கிறாயா, அம்மா? போட்டுக்கொள். ஆனால் விலை கொடுத்து வாங்காதே. ஒரு மாலைக்கு வாடகைக்கு எடு. உள்ளே பருத்தித் துணி லைனிங் இருக்கிறதா என்று பார். நைலான் வலை நம் ஊர் வியர்வைக்கு ஆகாது. குத்துவிளக்கு ஏற்றுகிற சடங்கு இருந்தால், அதை முடித்துவிட்டுக் கவுனுக்கு மாறு. அகன்ற வலைப் பாவாடை திரியின் பக்கம் போனால் கண் மூடித் திறப்பதற்குள் பற்றிக்கொள்ளும். இதை நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை.

உன் அப்பாவிடம் கவுன் விஷயத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். முதலில் முகூர்த்தப் புடவைக்கு, "நான் பணம் கட்டுகிறேன், நீங்கள் நெய்து தாருங்கள்" என்று கேட்டுப் பார். சங்கத்தில் ஆர்டராகவே எழுதிக்கொள்ளச் சொல். ஒரு பாவில் சாதாரணமாக மூன்று புடவை இறங்கும். ஆகவே மற்ற இரண்டை யார் எடுத்துக்கொள்வது என்பதையும் அவரே யோசிக்கட்டும். கோர்வை என்றால் பக்கத்தில் நாடா கொடுக்க ஆள் வேண்டும். உன் வார லீவு நாளில் போய் உட்கார உனக்குத் தெரியாதா என்ன? தை முகூர்த்தத்துக்கு ஐப்பசியிலாவது பாவு ஏறிவிட வேண்டும். தீபாவளிச் சமயம் என்று எல்லாத் தறியும் கைநிறைய வேலையோடு இருக்கும், தாமதிக்காதே. நிறத்தை மட்டும் நீயே தீர்மானி. சாயக்காரர் மாதிரி நூலைக் காட்டும்போது அதைத் தெருவுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பார். ஹாஸ்டல் டியூப் லைட்டில் பார்த்துவிட்டு, சரி என்று சொல்லிவிடாதே.