பேரீச்சம்பழத்துக்குப் போடாதீங்க!

நம்ம செம்மநத்தத்தில் யார் வீட்டுப் பழைய பெட்டியிலாவது ஆங்கில எழுத்து வெட்டிய சின்னப் பித்தளைத் துண்டு கிடந்தால், அது வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளச் சட்டையின் தோளில் மாட்டியதாக இருக்கலாம். எந்தப் படை என்று அந்த எழுத்தே சொல்லும். 'ஆர்.ஏ.' என்றால் பீரங்கிப்படை, 'ஆர்.ஈ.' என்றால் பொறியாளர் படை. இரண்டும் பிரிட்டிஷ். 'எஸ் அண்ட் எம்' என்றால் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். கூடவே 'மெட்ராஸ்' இருந்தால் நம்ம ஆளுங்க! 1780-ல் தோன்றிய படை அது. பாலம் கட்டும், பாதை போடும். முதல் உலகப்போரில் ஈராக் வரை போனது. பூட்டன் போனதற்கு அந்த ஒரு துண்டுதான் சாட்சி என்றால், அதைப் போய் எடைக்குப் போடுவதா? புளி போட்டுத் தேய்ப்பதும் தப்புதான், எழுத்து மழுங்கிடும். காசுக்குச் செய்வோமே, அது மாதிரி மேலே பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்தத் தாளை வரலாறு சாரிடம் காட்டுங்க.