வாகனங்கள் பேசும் அலைவரிசை

உங்கள் முன்னால் ஒரு லொறி செல்கிறது. அதற்கும் முன்னாலுள்ள கார் திடீரென பிரேக் போட்டால் உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தக் காரே வானொலி அலை மூலம் உங்கள் வாகனத்துக்கு எச்சரிக்கை அனுப்பலாம்.

இதற்கெனவே அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு 1999இல் 75 மெகாஹேட்ஸ் அலைவரிசையை ஒதுக்கியது. இருபது ஆண்டுகள் கழிந்தும் அதைப் பயன்படுத்திய வாகனங்கள் மிகச் சிலவே. ஆகவே 2020இல், போக்குவரத்துத் திணைக்களம் எதிர்த்தும், 45 மெகாஹேட்ஸை வைஃபைக்குத் திருப்பிவிட்டது ஆணைக்குழு. வீதிப் பாதுகாப்புக்கு எஞ்சியது 30 மட்டுமே. 2024இல் அதற்கும் புதிய தொழில்நுட்ப விதிகள் வந்தன. பழைய கருவிகள் கழிக்கப்பட வேண்டியவையாயின.

உயிர் காக்கும் வசதி காகிதத்தில் இருந்தால் போதுமா? காலத்தோடு வீதிக்கு வர வேண்டாமா? சிந்தியுங்கள்!