47 வயதில் ஒரு விருப்ப ஓய்வு

2023 ஏப்ரலில் புதுச்சேரி அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அரசுப் பணியிலுள்ள பெண்கள், வீட்டில் பூஜை செய்ய ஏதுவாக, மாதத்தில் மூன்று வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் தாமதமாகப் பணிக்கு வரலாம் என்பது அதன் சாரம். அன்றைய துணைநிலை ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் மகப்பேறு மருத்துவர். அவர் பொறுப்பில் இருந்தபோதும் சலுகைக்குக் காரணமாகப் பூஜைதான் சொல்லப்பட்டது. பெண்ணின் உடல்நிலை சொல்லப்படவில்லை.

அச்செய்தியைப் படித்தபோது, என்னுடன் பொருளியல் கற்பித்த பேராசிரியை ஒருவர் நினைவுக்கு வந்தார். குறிப்பேட்டைத் தொடாமல் புள்ளியியல் நடத்தக்கூடியவர். 47 வயதில், நாள்தோறும் புழங்கிய கலைச்சொற்களே நாவில் வராமல் திணறினார். உறக்கமில்லை, காரணமின்றி அழுகை. 'மறதி நோய் வந்துவிட்டது சார்' என்றார். பத்தாண்டுகளுக்கு மேல் பணிக்காலம் மீதமிருக்க, விருப்ப ஓய்வு பெற்றார். நாங்கள் சால்வை போர்த்தி அனுப்பிவைத்தோம். என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை, நான் உள்பட.

ஈஸ்ட்ரோஜன் என்றால் கருப்பையோடு தொடர்புடையது என்றே நானும் எண்ணியிருந்தேன். நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ், திட்டமிடலைக் கவனிக்கும் முன்மூளை, உடல் வெப்பத்தைச் சீராக்கும் ஹைபோதாலமஸ் ஆகிய மூளைப் பகுதிகளிலும் அதன் ஏற்பிகள் உள்ளன. மனநிலையைப் பேணும் செரோட்டோனினோடும் அதற்குத் தொடர்புண்டு. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் அது ஒரே சீராகக் குறைவதில்லை. ஏறி இறங்கித் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றக் காலத்தில்தான் மனச்சோர்வின் வாய்ப்பும் கூடுகிறது. இரவில் உடல் கொதித்து உறக்கம் கலைந்தால் மறுநாள் நினைவும் தடுமாறும். அமெரிக்கப் பெண்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த 'ஸ்வான்' ஆய்வு, கற்கும் வேகத்தில் ஏற்படும் இச்சரிவு பெரும்பாலும் தற்காலிகமே என்று காட்டியது. எங்கள் பேராசிரியைக்கு அதை யாராவது சொல்லியிருக்கலாம்.

மருந்தைப் பற்றிய அச்சம் வேறு. 2002-இல் அமெரிக்காவின் பெரியதொரு ஆய்வு, ஹார்மோன் சிகிச்சையால் மார்பகப் புற்றுநோய் ஆபத்து கூடுவதாகக் கூறி இடையில் நிறுத்தப்பட்டது. அதில் பங்கேற்றோரின் சராசரி வயது 63. ஐம்பதை ஒட்டிய பெண்களுக்கு லாப நட்டக் கணக்கு வேறு என்பது பின்னர் தெளிவாயிற்று. சிகிச்சை எல்லோருக்கும் ஏற்றதல்ல. மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மேலை நாடுகளில் சுமார் 51 வயதில் வரும் இந்தக் கட்டம், இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே வருகிறது. தலைமைப் பொறுப்புகள் கைக்கு வரும் வயது அது. அரசு செலவிட்டு உருவாக்கிய இருபதாண்டு அனுபவம் விருப்ப ஓய்வில் வெளியேறுவதை எந்த வரவு செலவுத் திட்டமும் நட்டமாக எழுதுவதில்லை. பிகார் அரசு 1992 முதல் மாதவிடாய்க் கால விடுப்பு அளிக்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தைப் பற்றி நம் அரசாணைகள் பேசுவதே அரிது.

விடுப்பை மட்டும் நான் கேட்கவில்லை. விடுப்பு பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்கவும் வைக்கும். 45 வயதைக் கடந்த பெண் ஊழியரின் விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை ஏற்குமுன், அவர் விரும்பினால், மகளிர் மருத்துவரையும் மனநல மருத்துவரையும் ஒரே நாளில் சந்திக்க ஏற்பாடு செய்யலாம். ஜிப்மர் இருக்கும் ஊரில் இது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

அப்பேராசிரியையை அண்மையில் கடற்கரைச் சாலையில் சந்தித்தேன். பேத்திக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னார். பேச்சில் ஒரு சொல்லுக்கும் அவர் தடுமாறவில்லை.