லெ மானில் கூடாரம் போட இடம்

கும்பகோணத்து நேயர் ஒருவர் நமக்கு ஒரு குடும்ப வழக்கை அனுப்பித் தீர்ப்புக் கேட்டிருக்கிறார். அவருடைய குமாரர் ஜெர்மனி தேசத்தில் உத்தியோகம் பார்க்கிறார். மோட்டார்ப் பந்தயம் என்றால் அவருக்கு ஊண் உறக்கம் வேண்டாம். வருகிற ஜூன் மாதம் பிரான்ஸ் தேசத்தில் லெ மான் என்னும் நகரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்துக்குத் தாய் தந்தையரையும், மனைவியையும், எட்டு வயதுப் புதல்வனையும் அழைத்துப் போக வேண்டுமென்பது அவர் ஆசை. தங்குவது கூடாரத்தில். "ஓடுபாதையை ஒட்டியே இடம் பிடித்து விடுகிறேன், படுத்தபடியே கார்ச் சத்தத்தைக் கேட்கலாம்" என்று குமாரர் எழுதினாராம். "படுத்தபடி கேட்க அது என்ன இராமாயணக் காலட்சேபமா?" என்று தாயார் பதில் எழுதச் சொன்னாராம். அம்மையாருக்கு வயது அறுபத்தாறு, முழங்காலில் வலி. போகவும் ஆசை; பயமும் உண்டு. எந்த மைதானத்தில் இடம் கேட்பது, பணத்தை எப்போது கட்டுவது என்பவையே கேள்விகள்.

கூடாரம் எதற்கு, ஹோட்டலில் தங்கினால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். லெ மான் நகரில் வசிப்போர் ஏறக்குறைய 1,45,000 பேர். 2025-ம் ஆண்டுப் பந்தயத்துக்கு வந்து சேர்ந்தவர்களோ 3,32,000 பேர். மகாமகத்தைக் கண்ட கும்பகோணத்தாருக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருக்கும் அறைகள் எல்லாம் வெகு காலம் முன்பே பேசி முடிந்துவிடும். மிச்சம் இருப்பவற்றின் வாடகை கேட்டவரைத் திடுக்கிட வைக்கும். ஆகையால் பந்தயத்தைச் சுற்றிலும் உள்ள மைதானங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கூடாரமடித்துத் தங்குவது அங்கே நெடுநாள் வழக்கம். இங்கிலாந்திலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் கூட்டங் கூட்டமாக வருகிறார்கள். பந்தயம் பாதி, இந்தக் கூடாரவாசம் பாதி என்றே அவர்களில் பலர் எண்ணுகிறார்கள்.

பந்தயத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 1923-ல் தொடங்கிய இது, சனிக்கிழமை மாலை 4 மணிக்கு ஆரம்பித்து ஞாயிறு மாலை 4 மணிக்கு முடிகிறது. ஓடுபாதையின் நீளம் 13.626 கிலோமீட்டர். அதில் ஒரு பகுதி மற்ற நாட்களில் பொதுஜனங்கள் வண்டி ஓட்டிப் போகும் சாதாரணச் சாலை. நமது சென்னையில் பிறந்த கருண் சந்தோக் 2012-ம் ஆண்டு இதில் ஓடி, தம் இரு கூட்டாளிகளுடன் ஆறாவது இடத்தில் முடித்தார். இந்தப் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் அவரே. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நாராயண் கார்த்திகேயன் அங்கே போயிருந்தார். ஆனால் பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன் தோளில் அடிபட்டு, ஓட முடியாமல் நின்றுவிட்டார்.

இனி வழக்குக்கு வருவோம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உள்ளே நுழையும் டிக்கட்டு வேறு, கூடாரம் போடும் இடத்துக்கான சீட்டு வேறு என்பது. புதிதாகப் போகிறவர்களில் பலர் ஒன்றை வாங்கிவிட்டு மற்றொன்றும் அதில் அடக்கம் என்று நம்பிவிடுகிறார்கள். நுழைவு டிக்கட்டு ஆளுக்கு ஒன்று. கூடார இடம் பெரும்பாலும் ஒரு வண்டிக்கு ஒன்று என்ற கணக்கில் விற்கப்படுகிறது. மேடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமானால் அந்த ஆசனத்துக்கு மூன்றாவது சீட்டு. மூன்றையும் பந்தயம் நடத்தும் மேற்கு மோட்டார் சங்கத்தாரிடமே நேராக வாங்கலாம். சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்ந்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு. எல்லாம் விற்றுப் போன பிறகு, "எங்களிடம் இருக்கிறது" என்று முகமறியாத மனிதர்கள் இணையத்தில் கடை விரிப்பார்கள். அவர்களில் யோக்கியர்களும் இருக்கலாம். நமக்கு அவர்களைப் பொறுக்கி எடுக்கத் தெரியாதாகையால், எல்லாரையும் விட்டுவிடுவதே உத்தமம்.

மைதானங்கள் பல. அவற்றின் பெயர்களைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. 'மேஸோன் பிளான்ஷ்' என்றால் வெள்ளை வீடு. 'தெர்த்ர் ரூஜ்' என்றால் செம்மேடு. இவை இரண்டும் ஓடுபாதையை ஒட்டியவை. குமாரர் மனத்தில் இருப்பது முந்தியதாகத்தான் இருக்கும். 'ஊ' என்று ஒரு மைதானம்; அந்தப் பாஷையில் அது ஒரு முள்ளிலைச் செடியின் பெயர். பிரதான வாசலுக்குக் கிட்ட இருக்கிறது. 'போஸெஜூர்' என்றால் இனிய வாசம். ஆனால் வாசலிலிருந்து தள்ளியிருப்பதால், காலையில் மறந்து வைத்த குடையை எடுக்கத் திரும்பிப் போகிறவருக்கு அந்த இனிமை சற்றுக் குறைவாகவே தோன்றும்.

ஒட்டியிருக்கும் மைதானத்தின் பெருமை என்னவென்று பார்ப்போம். கூடாரத்தை விட்டு எழுந்து சில நிமிஷத்தில் வேலியோரம் நிற்கலாம். பின்னிரவில் இரண்டு மணிக்கு, விளக்குகள் வரிசையாக இருளைக் கிழித்துக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு மறுபடியும் வந்து படுக்கலாம். இந்தப் பந்தயத்தின் அழகே இரவில்தான் என்று பார்த்தவர்கள் சொல்வது பொய்யல்ல. ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் அஸ்தமிக்க இரவு பத்து மணி ஆகும். காலை ஆறு மணிக்கு உதயம். இடையிலுள்ள அந்தக் கொஞ்ச நேர இருட்டுக்காகவே வருகிறவர்கள் உண்டு. இருபத்தைந்து வயது வாலிபர் நால்வர் போவதானால் நாமும் மேஸோன் பிளான்ஷ் என்றே சொல்லுவோம்.

ஆனால் இங்கே போகிறவர்கள் அவர்கள் அல்லவே! வேகமான கார் ஒன்று ஒரு சுற்றை ஏறக்குறைய மூன்றரை நிமிஷத்தில் முடிக்கிறது. அப்படியானால் மூன்றரை நிமிஷத்துக்கு ஒரு முறைதானே சத்தம் என்று எண்ணிவிடக் கூடாது. ஓடுவது 62 கார்கள். ஒன்று போனால் ஒன்று வந்துகொண்டே இருக்கும். விடிய விடிய ஓயாது. புதன், வியாழன் இரவுகளிலும் பயிற்சி ஓட்டம் நள்ளிரவு வரை நடக்கும். வெள்ளிக்கிழமை ஒரு நாள் கார்கள் ஓடுவதில்லை; அன்று ஓட்டக்காரர்கள் நகர வீதிகளில் ஊர்வலம் போகிறார்கள். சரி, அன்றாவது தூங்கலாமே என்றால், பக்கத்துக் கூடாரத்து நண்பர்கள் பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துவிடுவார்கள். நாலு நாள் தூக்கம் கெட்ட அறுபத்தாறு வயது அம்மையாரும் எட்டு வயதுக் குழந்தையும் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தை எந்த மனநிலையில் பார்ப்பார்கள் என்பதைக் குமாரர் யோசிக்க வேண்டும்.

அப்படியென்றால் வெகு தூரத்து மைதானமே சரியா? அதுவும் இல்லை. தூக்கம் கிடைக்கும், முழங்கால் போய்விடும். ஒரு நாளைக்கு இரண்டு முறை போய்வருவதே அந்தப் பெருங்கூட்டத்தில் பெரிய நடை. ஓடுபாதையின் அந்தப் புறத்துக்குப் போக வேண்டுமானால் சுரங்க வழியிலும் மேம்பாலத்திலும் ஏறி இறங்க வேண்டும். ஆகவே நமது தீர்ப்பு இதுதான்: பிரதான வாசலுக்குக் கிட்ட இருப்பதும், ஓடுபாதைக்கு நேர் எதிரே இல்லாததுமான மைதானம் ஒன்றில் இடம் கேட்க வேண்டும். 'ஊ' மைதானத்தை முதலில் கேட்கலாம். நகரத்து டிராம் வண்டி பந்தயத் திடலுக்கு அருகே வரையில் வருகிறது. லெ மான் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நேரே ஏறி வரலாம். வாசலண்டை தங்குகிறவர்களுக்கு இந்த டிராம் ஒரு வரப்பிரசாதம். அம்மையாருக்கு அலுப்புத் தட்டினால் மருமகளுடன் ஏறி ஊருக்குள் போய், பழைய மதிலையும் பெரிய மாதா கோவிலையும் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பலாம். குமாரர் அந்த நேரத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு எத்தனை மணி வேண்டுமானாலும் நிற்கட்டும்.

இடத்தைக் குறிக்கும்போது படத்தை வைத்துக்கொண்டு மூன்று விஷயங்களை அளந்து பார்க்க வேண்டும். கழிப்பறையும் நீர்க்குழாயும் எவ்வளவு தூரம்? வாசல் எவ்வளவு தூரம்? ஓடுபாதை எவ்வளவு தூரம்? இந்த மூன்றில் முதலாவதைக் கேட்க எல்லாருக்கும் வெட்கம். ஆனால் இரவு மூன்று மணிக்கு மழையில் முக்கியமாகப் படுவது அது ஒன்றுதான்.

பணத்தைக் கட்டும் காலம் பற்றிய கேள்வியில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. டிக்கட்டு விற்பனை முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. நல்ல மைதானங்கள் முதலில் தீர்ந்துபோகும். ஆனால் நமது தேசத்திலிருந்து போகிறவர்களுக்கு விஸா வேண்டும். பிரயாணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதுதான் அதற்கு மனுச் செய்ய முடியும். அதற்கு முன்னால் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். பதினைந்து நாட்களுக்குப் பிந்தியும் கூடாது. ஜூன் மாதப் பந்தயத்துக்கு டிஸம்பர் மத்திக்கு முன் மனுப் போட வழியில்லை. ஆக, விஸா கிடைக்குமா கிடைக்காதா என்று தெரிவதற்கு முன்பே பணத்தைக் கட்டியாக வேண்டியிருக்கிறது.

நாம் சொல்லும் வழி இது. கூடார இடத்தைக் குமாரர் தம் பெயரிலேயே எடுத்துக்கொள்ளட்டும். பெற்றோர் வந்தாலும் வராவிட்டாலும் அவர் போகத்தான் போகிறார். அந்தப் பணம் வீணாகாது. பெற்றோருக்கான நுழைவு டிக்கட்டையும் கூடவே வாங்கிவிட வேண்டும். சமீப ஆண்டுகளில் அதுவும் முழுவதும் விற்றுப்போயிருக்கிறது. ஆனால் மேடை ஆசனத்துக்கு உடனே அவசரப்பட வேண்டாம். சீட்டை மற்றொருவருக்கு மாற்றவோ, திருப்பிக் கொடுத்துப் பணம் பெறவோ இடமுண்டா என்று சங்கத்தார் எழுதி வைத்திருக்கும் விதிகளைப் படித்துவிட்டே வாங்க வேண்டும். அப்படிச் செய்தால், விஸா மறுக்கப்பட்டாலும் நஷ்டம் இரண்டு நுழைவு டிக்கட்டோடு நின்றுவிடும்.

மனுவை எந்த தேசத்தாரிடம் கொடுப்பது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். பந்தயம் பிரான்ஸில் நடப்பதால் பிரெஞ்சுக்காரர்களிடம் என்று நினைப்பது இயற்கை. ஆனால் விதி அதுவல்ல. அதிக நாள் தங்கும் தேசம் எதுவோ அங்கேயே மனுச் செய்ய வேண்டும். நமது நேயரும் அவர் மனைவியாரும் குமாரர் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு ஐந்து நாள் லெ மானுக்குப் போகிறார்கள் என்றால், அவர்கள் கேட்க வேண்டியது ஜெர்மன் தூதர் காரியாலயத்தில்தான். 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்தியச் செலவு இன்ஷ்யூரன்ஸும், ஜெர்மனியில் இருக்கும் நாட்களுக்குக் குமாரருடைய அழைப்புக் கடிதமும், லெ மானில் தங்கும் நாட்களுக்குக் கூடார இடம் எடுத்த ரசீதும் சேர்த்து வைக்க வேண்டும்.

சாமான்களைப் பற்றி நீட்டப் போவதில்லை. ஜூன் மாதமாயிற்றே என்று மெல்லிய போர்வையோடு போகக் கூடாது. அங்கே இரவில் உஷ்ணம் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கிவிடும். தரையின் ஈரம் முதுகில் ஏறும். முழங்கால் வலிக்காரர் தரையில் படுத்து எழுவது கஷ்டமாகையால், மடக்குக் கட்டில் ஒன்று அவசியம். குழந்தைக்குக் காதை மூடும் கவசம் வாங்காமல் பந்தயத் திடலில் கால் வைக்கக் கூடாது. பெரியவர்களுக்கும் காதடைப்பான் வேண்டும். இளம் வயதில் கெட்ட செவியை எந்த வைத்தியரும் மீட்டுத் தரமாட்டார். சமையல் வாயு உருளையை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்; குமாரர் காரில் கொண்டு வரட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுகிறோம். குளிருகிறதே என்று கரி அடுப்பையோ வாயு அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டு வரவே கூடாது. தணல் அணைந்தாற்போல் இருக்கும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு வந்துகொண்டிருக்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை, தூங்குகிறவர்கள் தூங்கியபடியே மாண்டுபோவார்கள். ஐரோப்பாவில் கூடாரவாசிகள் இப்படி இறப்பது நடந்திருக்கிறது. ஓடுபாதையில் விபத்து நேருமோ என்று அம்மையார் கவலைப்படுகிறாராம். 1955-ல் அங்கே ஒரு கார் ஜனங்களின் நடுவே பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது வாஸ்தவமே. மறு வருஷமே மேடையையும் பாதையையும் இடித்துத் திருத்திக் கட்டினார்கள்; ஜனங்களை இன்று வெகுதூரம் தள்ளியே நிறுத்துகிறார்கள். நமக்கு அந்த வேலியைவிட இந்த அடுப்பைப் பற்றித்தான் கவலை.

ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கொடி விழுந்ததும் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு புறப்படக் கூடாது. மூன்று லட்சம் பேரும் அந்த நேரத்தில்தான் சாலைக்கு வருவார்கள். அவர்களோடு போட்டி போட வேண்டாம். திங்கட்கிழமை காலை வரையில் இடம் உண்டா என்பதை முன்பே விசாரித்துக்கொண்டு, அன்றிரவும் அங்கேயே படுத்துவிடலாம். நாலு நாளுக்குப் பிறகு முதன் முறையாக நிசப்தம் இருக்கும். மறுநாள் தெற்கே மூல்ஸான் பக்கம் போகும் நெடுஞ்சாலை மறுபடியும் பொதுஜனச் சாலை ஆகிவிடும். ஆறு கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நேர்ப்பாதையில், பந்தயக் கார்கள் மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பறந்த அதே இடத்தில், பேரனை முன் ஆசனத்துக்குப் பின்னால் உட்கார வைத்துக் குமாரர் மெதுவாக ஓட்டிப் போகலாம்; போலீஸார் குறித்த வேகத்துக்கு மேற்படாமல்.